ஆசார்ய ஜகதீச சந்திர போஸும் குளத்துப் பாசியும்

ஜகதீச சந்திர போஸ் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பெரும்பாலோர்க்குத் தொட்டாற்சுருங்கிச் செடியே நினைவுக்கு வரும். செடிகளுக்கும் உயிருண்டு என்று கண்டறிந்தவர் அவர் எனப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறோம். அது பொருந்தாது. செடிக்கு உயிருண்டு என்பதை நம் பாட்டிமாரும் அறிவர். மரஞ்செடிகளை ஓரறிவுயிர்களின் வரிசையில் வைத்தெண்ணியவர் தொல்காப்பியர். போஸ் செய்தது வேறு. செடியின் உள்ளே நிகழ்வதைச் செடியே தன் கையெழுத்தில் எழுதிக் காட்டும்படிச் செய்தார். அவ்வாறு அவர் எழுத வைத்தவற்றுள் தொட்டாற்சுருங்கியும் தொழுகண்ணியும் புகழ் பெற்றுவிட்டன. குளத்துப் பாசி ஒன்று மட்டும் புகழ் பெறவில்லை. சூரிய ஒளியை இலை எவ்வாறு உணவாக்குகிறது என்பதற்கு அப்பாசி சொன்ன சாட்சியத்தை இம்மலரின் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்க தேசத்தைச் சேர்ந்ததாயுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அத்தகைய உத்தியோகஸ்தர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புவர். பகவான் சந்திரரோ மகனை வங்காளிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே அவருடைய முஸ்லிம் சேவகரின் மகன் ஒரு புறமும், செம்படவர் மகன் மறு புறமும் அமர்ந்திருந்தனர். பறவைகளையும் மீன்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்பால் தமக்கு ஆவலை ஊட்டின எனப் போஸ் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்ததுண்டு. சிறுவனைப் பள்ளிக்குத் தூக்கிச் சென்றவனும் சாமானியன் அல்லன். அவன் ஒரு காலத்தில் கொள்ளைக்காரனாயிருந்து, பகவான் சந்திரராலேயே சிறைக்கு அனுப்பப்பட்டு, விடுதலையான பின் வேறு பிழைப்பின்றி அவரிடமே வந்து வேலை கேட்டவன். தண்டித்தவரே தம் பிள்ளையை அவனிடம் ஒப்படைத்தார்.

கல்கத்தாவில் சவேரியார் கல்லூரிப் படிப்புக்குப் பின் மருத்துவம் பயில லண்டன் சென்றார் போஸ். காய்ச்சல் விடாது வருத்தவே அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் அடைந்தார். அங்கே ராலே பிரபுவிடம் பௌதிகம் கற்றதோடு, தாவரவியல் சொற்பொழிவுகளையும் கேட்டார். பௌதிகக் கருவியைக் கொண்டு செடியை அணுகும் வழக்கத்துக்கு வித்து அங்கேயே விழுந்திருக்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

1885-இல் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பேராசிரியரானார். வெள்ளையர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு என்பது அந்நாளைய விதி. நியமனம் தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். போஸ் சண்டையிடவில்லை, விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுதவுமில்லை. வகுப்புகளைத் தவறாது நடத்தினார். மாதந்தோறும் சம்பளத்தைத் தொடாமல் விட்டார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் சென்றன. தந்தையார் தொடங்கிய தொழில்கள் நொடித்துக் குடும்பம் கடனில் ஆழ்ந்திருந்த காலம் அது. அதற்கிடையே 1887-இல் திருமணமும் நடந்தது. மனைவி அபலா அம்மையார் நம்மவர்க்கும் ஒரு வகையில் உறவுடையவர். பெண்களுக்குக் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியின் கதவு அடைபட்டிருந்த நிலையில், சென்னைக்கு வந்து அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். உடல்நலக் குறைவால் பட்டம் பெறாமலே திரும்ப நேர்ந்தது. மணமான புதிதில் இருவரும் வாடகை குறைவென்று ஹூக்ளி நதியின் மறுகரையில் சந்திரநாகூரில் குடியிருந்தனர். கணவர் படகில் இக்கரை வந்து இறங்கியதும், அம்மையார் தாமே துடுப்புப் போட்டுப் படகைத் திருப்பிக் கொண்டு செல்வார்.

முடிவில் அரசாங்கம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் முன்தேதியிட்டு மொத்தமாகக் கிடைத்தது. அத்தொகை தந்தையின் கடனுக்குச் சென்றது.

கம்பியில்லாத் தந்தித் துறையில் அவர் செய்த அருஞ்செயல்களை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1895-இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளைச் சுவரைக் கடந்து செல்லவிட்டு, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அக்கருவிகளை உருவாக்க அவருக்கு வாய்த்த துணை, உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரே. பின்னர் உயிரற்ற உலோகமும் உயிருள்ள தசையும் தாவரமும் தூண்டுதலுக்கு ஒரே வகையாக விடையளிப்பதைக் கண்டு, 1901-இல் லண்டன் ராயல் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். உடலியல் வல்லுநர் சிலர் சினந்தனர். கட்டுரையில் ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்றனர். போஸ் மறுத்தார்; கட்டுரை வெளிவராது நிறுத்தப்பட்டது. அதே சங்கம் 1920-இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

கல்லூரிப் பணியினின்றும் 1915-இல் ஓய்வு பெற்ற அவர், 1917-ஆம் ஆண்டு தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் தம் இல்லத்தருகே ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் திறந்து வைத்தார். அங்கேதான் நாம் கூற வந்த பாசி மேடையேறுகிறது.

அதன் பெயர் ஹைட்ரில்லா. குளங்களிலும் வாய்க்கால்களிலும் நீருக்குள்ளேயே வளரும் மெல்லிய செடி. குளிப்பவர் காலில் சுற்றிக் கொள்வதால் வசவு வாங்குவதைத் தவிர வேறு பெருமை அதற்கு இல்லை. அதன் தண்டை நறுக்கி நீரில் இட்டு வெயிலில் வைத்தால், வெட்டுவாயிலிருந்து சிறு சிறு குமிழிகள் எழும். அவை பிராணவாயு நிறைந்தவை. நிழலில் வைத்தால் குமிழி குறையும். இருளில் நின்று போகும். இலை ஒளியை எவ்வளவு வேகமாக உண்கிறது என்பதற்குக் குமிழியே கணக்கு. அதுவரை தாவர நூலார் கண்ணால் பார்த்துக் குமிழிகளை எண்ணி வந்தனர். ஆனால் குமிழிகள் ஒரே அளவினவாக எழுவதில்லை. எண்ணுபவர் கண்ணும் களைத்துப் போகும்.

போஸ் இக்குறையைத் துளிப் பாதரசம் கொண்டு தீர்த்தார். செடியை நீர் நிறைந்த புட்டியில் அடைத்து, வாயு வெளியேறும் வழியில் பாதரசத் துளி ஒன்றைக் கதவாக நிறுத்தினார். வாயு சேர்ந்து அழுத்தம் உயர்ந்ததும் துளி சற்றே விலகி ஒரு குமிழியை விடும்; உடனே மூடிக் கொள்ளும். ஆதலால் ஒவ்வொரு குமிழியும் ஒரே அளவுடையதாயிற்று. துளியின் அசைவோடு மின்சாரத்தை இணைத்தமையால், குமிழி ஒன்றுக்குப் புள்ளி ஒன்றாகச் சுழலும் தாளில் தானே பதிவாயிற்று. நல்ல வெயிலில் புள்ளிகள் நெருங்கி விழும். மேகம் மறைத்தால் விலகி விழும். வீட்டு வாசலில் பால்காரர் வைக்கும் புள்ளிக் கணக்கை நினைத்துக் கொண்டால் போதும். இங்கே கணக்கெழுதுவது பசுவே!

இக்கருவியுடன் காலை முதல் மாலை வரை செடியின் உழைப்பை அவர் பதிவு செய்தார். ஒரு நாள் இடி மின்னலுக்குப் பின் புள்ளிகள் திடீரென நெருங்கின. வெயிலோ கூடவில்லை. மின்னலால் காற்றில் உண்டாகும் நைட்ரஜன் சேர்மங்களின் சிறு துகள் நீரில் கலந்ததே காரணமாகலாம் என ஊகித்து, அமிலத்தை மிக மிக நுண்ணிய அளவில் சேர்த்துப் பார்த்தார். ஊக்கம் மீண்டும் உண்டாயிற்று. வேறொருவராயின் கருவியில் கோளாறு எனத் தள்ளியிருப்பர்.

இனி, இலைக்குள் நிகழ்வதென்ன? ஒளியிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் பச்சையம் விழுங்குகிறது. பச்சை நிறத்தைப் பெரிதும் விட்டுவிடுகிறது. ஆதலின் இலை பச்சையாய்த் தோன்றுகிறது. பச்சைய மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கூடி நின்று ஒளியை ஏந்துகின்றன. ஓட்டுக் கூரையில் பரந்து விழும் மழை ஒரே தூம்பு வழியாய் முற்றத்துத் தொட்டியில் இறங்குவது போல, அவை ஏந்திய ஆற்றல் கைமாறிக் கைமாறி ஒரு மையத்தை அடைகிறது. அங்குள்ள பச்சையம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய நீர் பிளக்கப்படுகிறது. பிளவில் விடுபடும் பிராணவாயுவே போஸின் புட்டியில் குமிழியாய் எழுந்தது. எலக்ட்ரான் கொண்டு சென்ற ஆற்றலால் கரியமில வாயு சர்க்கரையாகிறது. இவற்றுட் பலவும் போஸின் காலத்துக்குப் பின்னரே தெளிவாயின. பிராணவாயு நீரிலிருந்தே பிறக்கிறது என்பது 1941-இல் உறுதியாயிற்று.

போஸ் கண்ட மற்றொன்றே நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. குளிர்காலத்து ஹைட்ரில்லாவும் கோடைக்காலத்து ஹைட்ரில்லாவும் ஒரே மாதிரி உழைக்கவில்லை. கோடைச் செடி மிகுந்த திறனுடன் உழைத்தது. அன்றியும், கரியமில வாயுவுக்கு ஈடாக, ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தையும் அது பயன்படுத்திக் கொண்டது. அன்றைய பாடநூல்களில் இதற்கு இடமில்லை. 1924-இல் ஒளிச்சேர்க்கை பற்றிய தனி நூலில் இவற்றை வெளியிட்டார். பொருட்படுத்தியோர் சிலரே.

அதற்குக் காரணம் பகைமை மட்டுமன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரத்தின் உச்சிக்கு நீர் ஏறுவது உயிரணுக்களின் துடிப்பால் என்பது போன்ற அவருடைய கொள்கைகள் சில நிலைபெறவில்லை. முடிவுகளை ஆய்வேடுகளில் பிறர் சோதனைக்கு விடுவதினும் பெருநூல்களாக வெளியிடுவதையே அவர் விரும்பினார். 1901-இல் பட்ட புண் ஆறவில்லை போலும். எனவே நெல்லும் பதரும் ஒன்றாகவே ஒதுக்கப்பட்டன.

1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதியில் போஸ் காலமானார். எழுபத்தொன்பது நிறைய ஒரு வாரமே இருந்தது. பெண் கல்விக்காகப் பெருந்தொண்டு புரிந்த அபலா அம்மையார் 1951 வரை வாழ்ந்தார்.

1960-களின் இடையில் கரும்பைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு புதுமை வெளிப்பட்டது. கரும்பும் சோளமும் கரியமில வாயுவை நேரே சர்க்கரையாக்காமல், முதலில் மாலிக் அமிலம் போன்ற பொருளாகப் பிடித்து வைத்து, பிறகு உள்ளே கொண்டு சென்று விடுவிக்கின்றன. கடும் வெயிலிலும் அவை தளராமைக்கு இதுவே இரகசியம். இவ்வேலைக்கு இருவகை உயிரணுக்கள் இன்றியமையாதன என்று அப்போது கருதினர். 1980-களில் ஹைட்ரில்லாவை ஆராய்ந்தபோதோ, கோடையில் குளத்து நீர் சூடேறிக் கரியமில வாயு அருகும்போது அது தன் வழக்கத்தை மாற்றிக் கொண்டு, கரும்பின் வழியை ஒரே உயிரணுவுக்குள் மேற்கொள்வது தெரிந்தது. குளிர்ந்த நீரில் பழைய வழக்கத்திலேயே இருந்தது. ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சிக்கென்றே நடைபெறும் அனைத்துலக ஏடொன்றில் 2011-இல் வெளியான கட்டுரை போஸின் பழைய நூலை மீண்டும் விரித்து வைத்து, கோடை ஹைட்ரில்லாவின் தனி வழக்கத்தை முதலிற் கண்டவர் அவரே என்று எடுத்துக் காட்டியது. நூல் வெளிவந்து அப்போது எண்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.