ரிப்பன் பிரபு

சென்னைச் சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தினின்றும் வெளிப்போந்து மேற்றிசை நோக்குவார்க்கு, மணிக்கூண்டு ஓங்கிய வெண்ணிற மாளிகை ஒன்று முதற்கண் புலனாகும். அது சென்னை மாநகராட்சி மன்றத்தார் கூடும் இடம். ரிப்பன் மாளிகை என்பது அதன் பெயர். சிறு பருவத்தில் என் தந்தையாருடன் முதன்முதல் பட்டணம் வந்தபோது, மகளிர் கூந்தலில் முடிக்கும் பட்டுநாடாவிற்கும் அம்மாளிகைக்கும் யாதோ தொடர்புண்டென்றே யான் கருதினேன். என் அறியாமை நகைத்தற்குரியதே. ஆயினும் அம்மாளிகையை நாடோறும் கடந்து செல்லும் பல்லாயிரவருள், அப்பெயர்க்குரியார் யாவர், அவர் நம் நாட்டார்க்குச் செய்தது யாது என அறிந்தார் மிகச் சிலராகவே இருப்பர். ஊர்ப் போர்டுகளுக்கும் நகர சபைகளுக்கும் அங்கத்தினரை மக்களே தேர்ந்தெடுத்தல் வேண்டும், தேர்தல் முறையையும் இடத்திற்கேற்பச் சோதித்துக் காணல் வேண்டும் என 1882-ஆம் ஆண்டிலேயே துணிந்து எழுதிய பெரியார் அவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன்.

ஜார்ஜ் பிரெடெரிக் சாமுவேல் ராபின்சன் என்னும் இயற்பெயருடைய ரிப்பன் பிரபு, 1827-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் இலண்டன் மாநகரில், டவுனிங் தெருவில் 10-ஆம் எண்ணுள்ள இல்லத்திற் பிறந்தார். அவ்வில்லம் இங்கிலாந்தின் முதன் மந்திரிகட்கு உரியது. அவர் தந்தையாராகிய காடரிச் பிரபு அப்போது அப்பதவியில் அமர்ந்திருந்தார். அமர்ந்திருந்த காலமோ ஐந்து திங்களும் நிரம்பாதது. பாராளுமன்றத்தை ஒரு முறையேனும் எதிர்கொள்ளாமலே பதவி நீங்கிய முதன் மந்திரி அவர். மகனார் பள்ளிக்கும் சென்றிலர், பல்கலைக்கழகத்திலும் பயின்றிலர், வீட்டிலேயே கல்வி பெற்றார். ஆண்டுதோறும் பரீட்சைக்கு அஞ்சி நடுங்கும் நம்மனோர்க்கு இது சிறிது பொறாமை விளைப்பதே.

இளமையில் அவர் நாடிய கூட்டம் செல்வர் கூட்டமன்று. மாரிஸ், கிங்ஸ்லி, லட்லோ, தாமஸ் ஹியூஸ் முதலாய கிறிஸ்தவ சமதர்மிகளோடு அவர் நட்புப் பூண்டார். தொழிலாளர்க்குக் கல்வியும் கூட்டுறவும் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1852-இல் எந்திரத் தொழிலாளரை முதலாளிகள் ஆலைக்கு வெளியே நிறுத்திக் கதவடைத்தபோது, பிரபுவின் மகனாகிய இவர் தொழிலாளர்க்குப் பொருளுதவி புரிந்தார். குடியாட்சியைப் போற்றி அவர் எழுதிய சிறுநூல் ஒன்று அச்சேறியும், வரம்பு கடந்ததென்று மாரிஸ் கருதியமையால் பரப்பப்படாது நிறுத்தப்பட்டது. ஆட்சி செய்யப் பழகினாலன்றி ஆட்சித் திறம் வாராது என்னும் எண்ணம் அந்நாளிலேயே அவர் நெஞ்சில் வேரூன்றியது. முப்பது ஆண்டு கழித்து, ஏழாயிரம் மைலுக்கு அப்பால் அது தளிர்த்தது.

தேர்தல் என்பது எத்தகையது என்பதை அவர் நூல்களிற் கற்றவர் அல்லர், அடிபட்டே கற்றார். 1852-இல் ஹல் என்னும் துறைமுக நகரத்தார் அவரைக் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தனர். அந்நாளில் வாக்காளர் தம் வாக்கை யாவரும் அறிய வெளிப்படையாகவே கூறுதல் வேண்டும். ஆதலின் கைக்கூலி கொடுத்தவன், தான் கொடுத்த பணத்திற்குரிய வாக்குத் தவறாது வந்ததா என நேரிலேயே கண்டுகொள்ளலாம்! ஹல் நகரில் அவர் தரப்பினர் கைக்கூலி வழங்கியது விசாரணையில் வெளிப்பட, 1853-இல் அத்தேர்தல் செல்லாதென்று தள்ளப்பட்டது. அச்செயல் அவர் அறியாது நிகழ்ந்ததே. ஆயினும் இடம் பறிபோயிற்று. அவ்வாண்டே ஹடர்ஸ்பீல்ட் நகரத்தார் அவரைத் தேர்ந்து அனுப்பினர். 1872-இல் மறைவாக வாக்களிக்கும் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியபோது, அதனை இயற்றிய மந்திரி சபையில் அவரும் ஒருவராக இருந்தார்.

1859-இல் தந்தையார் இறக்கவே, ரிப்பன் பிரபு என்னும் பட்டம் அவர்க்கு வந்தது. யுத்த மந்திரி, இந்தியா மந்திரி ஆகிய பதவிகளை வகித்துப் பின்னர், 1868-இல் கிளாட்ஸ்டன் அமைத்த மந்திரி சபையிற் பிரிவி கவுன்சில் தலைவரானார். கல்வி இலாகாவும் அப்பதவியின் கீழ் அடங்கியது. 1870-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆரம்பக் கல்விச் சட்டம் அவர் தலைமையின் கீழ்த்தான் உருவாயிற்று. அதனைக் காமன்ஸ் சபையில் நடத்திச் சென்றவர் பார்ஸ்டர் என்பார்.

இச்சட்டத்தை யான் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பள்ளி இல்லாத வட்டாரங்களிற் பள்ளி நிறுவுதற்குப் போர்டுகள் ஏற்பட்டன. அப்போர்டுகளை நகர சபையாரும் திருச்சபை வட்டத்தாருமே தேர்ந்தெடுப்பர் என்பது முதலில் வரைந்த மசோதா. சபையில் விவாதம் வளரவே, வரி செலுத்துவோர் தாமே நேராகத் தேர்ந்தெடுத்தல் வேண்டுமென்று அது மாறியது. பெண்டிர் வாக்களிக்கவும் அங்கத்தினராகவும் இடம் கிடைத்தது. இவற்றினும் வியப்பானது, வாக்குகளைக் குவித்தளிக்கும் முறை. அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். ஒரு மாணவர் விடுதியில் முந்நூற்றுவர் இருப்பதாகவும், உணவுக் குழுவிற்கு ஐவரைத் தேர்வதாகவும் கொள்க. அவருள் மரக்கறி உண்போர் அறுபதின்மர். ஒவ்வொருவர்க்கும் ஐந்து வாக்கு உண்டு. ஆனால் ஒருவர்க்கு ஒன்றே அளிக்கலாம் என்றால், மற்றை இருநூற்று நாற்பதின்மர் தம்முள் ஒன்றுபட்டு ஐந்து இடங்களையும் கைக்கொள்வர். மரக்கறியார் வாய் திறவாது சாப்பிட வேண்டியதே. ஐந்து வாக்கையும் ஒருவர்க்கே அளிக்கலாம் என விதியை மாற்றுக. அறுபதின்மரும் தம்முள் ஒருவர்க்கே குவித்தால் அவர் பெறும் வாக்கு 300. மற்றையோரிடம் உள்ள வாக்கு 1200. அவற்றை ஐவர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 240. மரக்கறியார்க்கு ஓர் இடம் உறுதியாயிற்று! ஆட்களும் அவரே, வாக்குகளும் அவையே. விதி மாறியது, சபையும் மாறியது.

இம்முறையாற் சிறுபான்மைச் சமயத்தார் இங்கிலாந்தின் பள்ளிக்கூடப் போர்டுகளில் இடம் பெற்றனர். உரோமன் கத்தோலிக்கர் அவருள் முதன்மையானோர். இலண்டன் போர்டின் முதல் தேர்தலில் எலிசபெத் காரெட் என்னும் மருத்துவ அம்மையார் மேரிலபோன் வட்டாரத்தில் யாவரினும் மிகுந்த வாக்குப் பெற்றார். 1902-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்போர்டுகளே நீங்கின. அவற்றோடு இம்முறையும் நீங்கியது.

1871-இல் அமெரிக்காவுடன் வாஷிங்டன் உடன்படிக்கை முடித்தமையாற் பெற்ற மார்க்குவிஸ் பட்டம் முதலியவற்றை விரிவஞ்சி விடுக்கின்றேன். 1874-இல் நிகழ்ந்ததை விடுத்தல் இயலாது. அவர் பிரீமேசன் சங்கத்தின் பெருந்தலைமையைத் திடீரெனத் துறந்து, கத்தோலிக்க சபையிற் சேர்ந்தார். இங்கிலாந்து திகைத்தது. இனி அவருக்கு அரசியல் வாழ்வே இல்லையெனப் பலரும் முடிவு கட்டினர். நான்கு ஆண்டுகட்கு முன், சிறுபான்மையோர்க்கு இடம் தரும் தேர்தல் முறையைத் தம் இலாகாவிற் கண்டவர், இப்போது தாமே சிறுபான்மையோருள் ஒருவராயினார். யான் சீர்திருத்தச் சபையிற் பிறந்தவன். அவர் சபை மாறியதைப் பற்றித் தீர்ப்புக் கூற முற்படேன். ஆனால் பெரும்பான்மையின் நிழலிலே வாழ்ந்தவர் அந்நிழலை விட்டு வெயிலில் வந்து நின்றமை, அவர் பிற்காலச் செயல்களை அறிதற்கு ஒரு திறவுகோல் என்றே எண்ணுகின்றேன்.

1880-இல் மீண்டும் முதன் மந்திரியான கிளாட்ஸ்டன் அவரை இந்தியாவின் இராஜப்பிரதிநிதியாக அனுப்பினார். சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தை அவர் 1882-இல் நீக்கினார். 1881-இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. ஹண்டர் தலைமையிற் கல்விக் குழு அமைந்தது; அதன் அங்கத்தினருள் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரித் தலைவர் மில்லர் துரைமகனாரும் ஒருவர். இவையெல்லாம் நற்செயல்களே. ஆயினும் ரிப்பனுடைய உள்ளம் முழுதும் வெளிப்பட்டது, 1882 மே 18-ஆம் நாள் வெளியான ஸ்தல சுயஆட்சித் தீர்மானத்திலேதான்.

அதற்குமுன் நம் இராஜதானியில் 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்தல நிதிப் போர்டுகள் இருந்தன. பாதை, பள்ளி, மருத்துவசாலை ஆகியவற்றிற்காக வரி தண்டிச் செலவிட்டன. ஆனால் அங்கத்தினர் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர்; தலைவர் கலெக்டர். கலெக்டர் தலையசைப்பதற்கு எதிராகத் தலையசைக்கும் மிராசுதார் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதை நாமே ஊகிக்கலாம்.

ரிப்பன் கூறியவை இவை: போர்டின் எல்லை ஒரு தாலுகா அளவினதாய்ச் சிறிதாதல் வேண்டும், தம் ஊர்ப் பாதையின் பள்ளத்தை அறிந்தவரே அதனைச் செப்பனிடப் பேச வல்லவர். உத்தியோகஸ்தர் மூன்றில் ஒரு பங்கிற்கு மிகுதல் ஆகாது. இயன்ற இடமெல்லாம் தேர்தல் நடத்தல் வேண்டும். தலைவரும் உத்தியோகஸ்தர் அல்லாதவராதல் நன்று. அரசாங்கம் வெளியே நின்று கண்காணிக்கலாம். உள்ளே அமர்ந்து ஆட்டிவைத்தல் கூடாது. வேலை திருத்தமாய் நடைபெறுதலைக் காட்டிலும், மக்கள் பொதுக்காரியத்திற் பயிற்சி பெறுதலே இதன் முதற்பயன் என அவர் வெளிப்படையாக எழுதினார். முதலிற் பிழைகள் நிகழும் என்பதும் அவர் அறிந்ததே.

தேர்தல் முறையைக் குறித்து அவர் கூறியது எனக்கு மிகவும் உவப்பானது. இங்கிலாந்தில் உள்ளவாறே செய்க என அவர் விதித்திலர். ஆளுக்கு ஒரு வாக்கு, குவித்தளிக்கும் வாக்கு, வட்டந்தோறும் தேர்தல், ஊர் முழுதும் சேர்ந்து தேர்தல், விரிந்த வாக்குரிமை, குறுகிய வாக்குரிமை, சாதி வாரியாகவோ தொழில் வாரியாகவோ தேர்தல் என எல்லா முறைகளையும் ஆங்காங்குச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். ஐரோப்பாவில் எவரும் எண்ணாத புதுமுறையும் இந்தியாவிற் பொருந்தக்கூடும் என்றார். ஆளும் வருக்கத்தார் ஒருவர், தம் நாட்டு வழக்கமே முடிந்த முடிபன்று என ஒப்புக்கொண்டு அரசாங்கத் தீர்மானத்தில் எழுதியது அருமையினும் அருமை. சாதி வாரித் தேர்தலையும் அவர் அவ்வரிசையிற் சேர்த்தமை மட்டும் எனக்கு உடன்பாடன்று.

தீர்மானம் எளிது, நிறைவேற்றம் அரிது. சிவில் உத்தியோகஸ்தர் முணுமுணுத்தனர். பம்பாய் அரசாங்கம் தடை கூறியது. இலண்டனிலும் ஐயுறவு மிகுந்தது. 1884-இல் நிறைவேறிய சென்னை ஸ்தல போர்டுச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என மூன்று படிகளை அமைத்தது. தேர்தலுக்கும் ஓரளவு இடம் தந்தது. எனினும் ஜில்லா போர்டின் நாற்காலியிற் கலெக்டரே தொடர்ந்து அமர்ந்தார். உடல் ரிப்பனுடையது, உயிர் பழைய 1871-ஆம் ஆண்டினது. 1920-ஆம் ஆண்டின் சட்டமே அங்கத்தினருள் முக்காற் பங்கினரைத் தேர்தலுக்கு உரியராக்கியது. நியமன முறை 1930-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் ஒழிந்தது. அவர் கேட்டது நிறைவேற ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சென்றது. அவர் பெரிதும் நம்பிய தாலுகா போர்டுகளோ 1934-இல் நீக்கப்பட்டன. ஜில்லா போர்டுகளும் 1958-ஆம் ஆண்டின் சட்டங்களால் முடிவெய்தின.

இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க இடம் தரும் இல்பர்ட் மசோதாவை 1883-இல் கொணர்ந்தபோது, அவர் தம் இனத்தாராலேயே வெறுக்கப்பட்டார். ஐரோப்பியர் கிளர்ச்சிக்கு இணங்கி 1884-இல் அம்மசோதாவை அவர் தளர்த்த நேர்ந்தது. இஃது அவர் ஆட்சியின் பெருங்குறை. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் அவர் விடைபெற்றபோது, சிம்லா முதல் பம்பாய் வரை வழியெல்லாம் இந்தியர் திரண்டு வழியனுப்பினர். அத்தகைய கூட்டத்தை அதற்குமுன் எந்த இராஜப்பிரதிநிதியும் கண்டதில்லை. நம் தமிழ் மக்களும் எதுகை பொருந்த அவரை அப்பன் என்றே வழங்கினர்.

தாய்நாடு திரும்பியபின் கடற்படை மந்திரியாகவும் குடியேற்ற நாட்டு மந்திரியாகவும் இருந்தார். இவற்றைவிட என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. இருபத்தைந்து கோடி மக்களை ஆளும் பதவியில் இருந்தவர், 1895-இல் தம் சிற்றூராகிய ரிப்பன் நகரத்து மேயர் பதவியை ஏற்று ஓராண்டு நடத்தினார். குப்பையும் சாக்கடையும் விளக்கும் பற்றிய வாதங்களை அங்கே பொறுமையோடு கேட்டிருப்பார் போலும்.

1909 சூலை 9-ஆம் நாள் ஸ்டட்லி ராயல் என்னும் தம் மாளிகையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டிலேயே சென்னையில் மாநகராட்சி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1913-இல் அது அவர் பெயரால் திறக்கப்பட்டது. அவர் உருவச்சிலை அதன் வளாகத்தில் நிற்கின்றது. அம்மாளிகையில் அமரும் மேயரை 1996-இல் நகர மக்கள் நேரே தேர்ந்தனர். 2006-இல் மன்ற உறுப்பினர் தேர்ந்தனர். 2011-இல் மீண்டும் மக்கள் தேர்ந்தனர். 2022-இல் மீண்டும் உறுப்பினர் தேர்ந்தனர்.