டாக்டர் சுப்பாராவும் குருதி கூறும் செய்தியும்

தாம் ஆற்றிய செயலோடு தம் பெயரையும் பிணைத்து விட்டுச் சென்ற பெரியோர் ஒரு வகையினர்; செயலை உலகிற்கு அளித்துவிட்டுப் பெயரை மறைவில் வைத்துச் சென்றோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினருள் தலைசிறந்தவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். நம் சேதராப்பட்டிலும் அதனைச் சூழ்ந்த வில்லியனூர்ப் பகுதிச் சிற்றூர்களிலும் வாழும் முதியோர், சிறுநீர்த் தடையால் வருந்தும்பொழுது கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்று குருதி கொடுத்து வருதலை நாம் காண்கின்றோம். அக்குருதியைக் கொண்டு மருத்துவர் புரோஸ்டேட்டுச் சுரப்பியின் நிலையை உய்த்துணர்கின்றனர். சிறிதளவு குருதி, உடலினுள் ஒளிந்திருக்கும் பகையைக் காட்டிக் கொடுக்கும் இவ்வியப்பு எங்ஙனம் உண்டாயிற்று? இதன் வரலாற்றை ஆராயப் புகுவோர், சென்னையில் பயின்று அமெரிக்காவில் உழைத்து மறைந்த அத்தென்னாட்டு மருத்துவரை வழியிற் சந்தித்தே தீர்வர். அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், வறுமை வாய்ந்த குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் அவருக்குப் படிப்பில் மனம் ஊன்றவில்லை. பதின்மூன்று வயதளவில் வீட்டைவிட்டு ஓடிக் காசிக்குச் சென்று, யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்று எண்ணினார். அன்னையார் வெங்கம்மாள் அவரை மீட்டுக் கொணர்ந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயிலுங்கால் துறவு பூண விரும்பி இராமகிருஷ்ண மடத்தை அணுகினார். அன்னையின் இசைவு கிட்டாமையால் அவ்வெண்ணம் கைகூடவில்லை. துறவியாக இயலாதேல் மருத்துவராகியேனும் மக்களுக்குத் தொண்டு செய்வோம் எனத் துணிந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்தார்.

ஆண்டும் அவர் வழி நேராக அமையவில்லை. தேசிய இயக்கத்தில் ஈடுபட்டுக் கதர் உடுத்துக் கல்லூரிக்குச் சென்றமையால் ஆங்கிலேய ஆசிரியர் ஒருவரின் வெறுப்பிற்கு ஆளாயினார், எம். பி. பி. எஸ். பட்டம் கிட்டாது, அதனினும் தாழ்ந்த எல். எம். எஸ். பட்டமே கிட்டிற்று. 1919-இல் சேஷகிரி அம்மையாரை மணந்தார். மாமனாரும் நண்பர்களும் படிப்பிற்குப் பொருளுதவி செய்தனர். அக்காலத்தேதான் அவர் நெஞ்சைப் பிளந்த துன்பமும் நேர்ந்தது. தமையனும் தம்பியும் ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்றுநோயால் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மருத்துவம் கற்றும் உடன்பிறந்தாரைக் காக்க இயலாது நின்ற அந்நாளை அவர் மறந்தாரல்லர்.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் உடற்கூற்றியல் கற்பித்த பின்னர், அறச்சாலை ஒன்றன் உதவியும் மாமனார் அளித்த பொருளும் துணையாக 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் பயின்றார். பிழைப்பின் பொருட்டு மருத்துவமனையில் இரவு வேளைகளில் கடைநிலை ஊழியஞ் செய்தார். பின்பு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராக அமர்ந்தார்.

1925-ஆம் ஆண்டு பிஸ்க்கும் சுப்பாராவும் ஒரு முறையை வெளியிட்டனர். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை அறியும் எளிய முறை அஃது. குருதியிலிருந்து புரதத்தை நீக்கி, எஞ்சிய நீரில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, மற்றொரு மருந்தால் அதனை மாற்றினால் நீலநிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் அடரும், குறைந்தால் வெளிறும். அளவு தெரிந்த கரைசலின் நிறத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், மறைந்து கிடந்த அளவு வெளிப்படும். உலகெங்குமுள்ள ஆய்வுக் கூடங்கள் இம்முறையை மேற்கொண்டன. இதனைக் கருவியாகக் கொண்டே அவ்விருவரும் தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டினை 1927-இலும், உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ. டி. பி. என்னும் பொருளை 1929-இலும் கண்டறிந்தனர். அதே 1929-இல் ஜெர்மானியரான கார்ல் லோமனும் தனித்து நின்று ஏ. டி. பி.யைக் கண்டறிந்தார்.

இந்நீலநிறத்திற்கும் புரோஸ்டேட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை இனிக் காண்போம். பாஸ்படேஸ் என்பது பிற பொருள்களினின்று பாஸ்பேட்டைப் பிரித்து விடுக்கும் நொதியாகும். விடுபட்ட பாஸ்பேட்டை அளந்தால் நொதியின் வலிமை தெரிந்துவிடும். அவ்வாறு அளப்பதற்குப் பயன்பட்ட வழிகளுள் சுப்பாராவின் முறையும் ஒன்று. பிரிந்த மற்றொரு பகுதியை அளக்கும் வழிகளும் இருந்தன. 1938-இல் அலெக்சாண்டர் கட்மனும் எதெல் கட்மனும், புரோஸ்டேட்டுப் புற்றுநோய் எலும்பில் பரவியோர் குருதியில் அமிலப் பாஸ்படேஸ் மிகுந்து நிற்றலைக் காட்டினர். 1941-இல் சிக்காகோ நகரத்துச் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், ஆண்மைச் சுரப்பை ஒடுக்கும் சிகிச்சைக்குப் பின் அந்நொதி தாழ்வதையும், ஆண்மைச் சுரப்பை ஊசிவழிச் செலுத்துகையில் அஃது உயர்வதையும் கண்டனர். சிகிச்சை பலித்ததா இல்லையா என்பதற்குக் குருதியே சான்று பகரும் காலம் அன்று பிறந்தது. ஹக்கின்ஸ் 1966-இல் நோபெல் பரிசு பெற்றார்.

அமிலப் பாஸ்படேஸ் பெரும்பாலும் நோய் பரவிய பின்னரே உயர்ந்தமையால் அதனினும் கூரிய சான்று வேண்டப்பட்டது. 1979-இல் அமெரிக்காவின் பபலோ நகரத்து ஆய்வாளர் பி. எஸ். ஏ. என்னும் புரதத்தைச் சுரப்பியினின்று தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். 1987-இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் இது பழைய நொதியினும் சிறந்த சான்றென நிறுவினர். அறுவையால் சுரப்பி முழுதும் அகற்றப்பட்ட பின்னர், இப்புரதம் இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை பாதியாகக் குறைந்து, சில வாரங்களில் அளவிடற்கரிய நிலையை எய்த வேண்டும். பின்னொரு நாள் அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அளவை எட்டி, மறு சோதனையிலும் அவ்வாறே நிற்குமாயின், நோய் மீண்டது என மருத்துவர் ஐயுறுவர். ஆயினும் அச்சத்தால் நிலைகுலைய வேண்டுவதில்லை. 1999-இல் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஆய்வில், இவ்வாறு அளவு உயர்ந்த நாள் முதல் நோய் வேறிடத்தில் வெளிப்படும் வரை சென்ற காலம் இடைநிலையாக எட்டாண்டுகள் எனக் கண்டனர். விரைந்து உயர்வோர்க்கு இடர் மிகுதி. மெல்ல உயர்வோர்க்குக் குறைவு. அறுவைக்கு முன்னர் இப்புரதம் சுரப்பியின் வீக்கத்தாலும் அழற்சியாலும் உயரக்கூடும். ஆதலின் ஓர் எண்ணை மட்டும் நோக்கி முடிவு செய்தல் அறிவுடைமையன்று. மருத்துவர் பிற குறிகளையும் சேர்த்தே துணிவர்.

சுப்பாராவின் வரலாற்றுக்கு மீள்வோம். ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, 1942-இல் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கு அவரும் அவருடைய குழுவினரும் ஆற்றியன பல. 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. அதனை ஒத்த உருவினவும் அதன் செயலைத் தடுப்பனவுமான மருந்துகளையும் ஆக்கினர். அவற்றுள் ஒன்றைக் கொண்டே சிட்னி பார்பர் என்பார் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணியச் செய்து 1948-இல் அறிவித்தார். அவ்வினத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழக்கிலுள்ளது.

யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் மருந்தும் 1947-இல் அவர் தலைமையில் வெளிவந்ததே. புதுவைப் பகுதி இந்நோயால் நெடுங்காலம் வருந்தியது. அதன் நுண்புழுக்கள் இரவிலேயே குருதியில் மிகுதியாக உலாவுதலின், ஊழியர் இரவில் சென்று குருதி எடுத்துச் சோதிப்பர். அப்புழுக்களை ஒழிக்க ஊரெங்கும் வழங்கப்பட்ட மாத்திரை, பெயர் மாறி வந்த அம்மருந்தேயாம்.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53-ஆம் வயதில், அவர் உறக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். சென்னையை விட்டுச் சென்ற பின் தாய்நாட்டிற்கு அவர் ஒருமுறையேனும் திரும்பினாரில்லை. மூன்றாண்டில் வருவார் என்று காத்திருந்த சேஷகிரி அம்மையார் அவரை மீண்டும் கண்டாரில்லை. அவருடைய மகனும் குழவிப் பருவத்திலேயே மாண்டான். எண்ணற்ற இல்லங்களில் விளக்கேற்றியவர் தம் இல்லத்தை இருளில் விட்டார் எனின் அது மிகையன்று. இதனைக் குறையெனக் கூறுவாரும் உளர். நாம் அவரைக் குற்றமற்றவராக்க முயலவில்லை; அவர் பெற்ற புகழுக்கு ஒருத்தி கொடுத்த விலையையும் மறவாது கணக்கில் எழுதுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

மாணவ நண்பர்களே! நம் சிற்றூர்களில் ஆடவர் பலர் சிறுநீர் பற்றிய நோயை வெளியிற் சொல்ல நாணுகின்றனர். அறுவை முடிந்தவரும் உடல் நலமாயிருக்கிறதென்று எண்ணி, குறித்த நாளில் குருதிச் சோதனைக்குச் செல்லாது விடுகின்றனர். நோய் தன்னை உணர்த்துமுன் குருதி உணர்த்தும் என்பதை அவர்க்கு எடுத்துரைக்க வேண்டியவர் யார்? எழுதப் படிக்கக் கற்ற நாமே அல்லமோ? விடுமுறையில் வீடு செல்லும்போது பாட்டனார்க்கும் பெரியப்பாவிற்கும் இதனைப் பணிவுடன் கூறி, வேண்டுமேல் உடன் சென்று துணையிருப்போமாக. இருமுறை தேர்வில் தவறிய ஒரு மாணவர் உலகிற்குச் செய்த தொண்டை நினைப்போர், நம்மால் ஆகக்கூடிய இச்சிறு தொண்டினைச் செய்யாதிருத்தல் தகாது.