இரும்பின் களைப்பை அளந்த அறிஞர்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். இரும்பும் அவ்வாறே களைத்து முறியும் என்று அளந்து காட்டியவர் ஆகஸ்ட் வோலர். இவர் 1819ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள சோல்டாவ் என்னும் ஊரில் பிறந்தார். ஹனோவர் நகரில் பொறியியல் கற்றார். 1847இல் ஓடர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகர் இரயில் பட்டறையின் பொறுப்பை ஏற்றார்.

1842இல் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்கு வந்த இரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் தீப்பற்றின. கதவுகள் பூட்டியிருந்தமையால் 50 பேருக்கு மேல் மாண்டனர். நல்ல இரும்பு ஏன் திடீரென முறிகிறது?

வோலர் சோதனைப் பொறிகளைத் தாமே அமைத்து, 1870 வரை பல ஆண்டுகள் அச்சுகளை இலட்சக்கணக்கான முறை சுழற்றிப் பார்த்தார். ஒருமுறை எளிதில் தாங்கும் பாரமே திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்று கண்டார். பாரம் ஓர் எல்லைக்குள் இருந்தால் அச்சு நெடுங்காலம் உழைக்கும் என்றும் கண்டார். அச்சில் சக்கரம் இறுகப் பொருந்திய இடத்தில் நிகழும் மிக நுண்ணிய உராய்வு, செந்நிறத் தூளை உதிர்த்து, விரிசலை விரைவில் தொடங்கி வைக்கும் என்பதைப் பின்வந்தோர் விளக்கினர்.

வோலர் 1914இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார். இன்று இரயில் பணிமனைகளில் மீயொலி அலைகளால் அச்சுகளின் உள்விரிசலைத் தேடுகின்றனர். அறந்தாங்கி வழியே ஓடும் இரயிலுக்கும், எங்கள் கட்டுமாவடிக் கடலில் செல்லும் விசைப்படகின் எஞ்சின் தண்டுக்கும் அவர் கண்ட விதி ஒன்றே. பொறுமையால் பல உயிர்களைக் காத்த அவரை நாம் நன்றியுடன் நினைவோமாக!