புனித தேவசகாயம்: பணியிடத்தில் கிடைத்த வழிகாட்டல்

திருப்பூரில் வாழும் நமக்கு இழப்பு என்பது புதிய சொல் அன்று. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016 நவம்பரில் வந்த பணமதிப்பு நீக்கம் சனிக்கிழமைச் சம்பளத்தைத் தடுமாறச் செய்தது. 2020-ல் பெருந்தொற்று எல்லா இயந்திரங்களையும் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஏற்றுமதி செய்யும் முதலாளி முதல் பிசிறு வெட்டும் தாய் வரை எல்லார் வீட்டிலும் ஒரே கவலை குடிபுகுந்தது.

இப்படிப்பட்ட நாட்களில் நாம் ஆலயத்திற்கு வந்து முழந்தாளிடுகிறோம். இறைவா, எனக்கு ஏன் இது என்று கேட்கிறோம். பதில் எங்கிருந்து வரும் என்று காத்திருக்கிறோம். திருப்பலியில் வரலாம், விவிலியத்தைத் திறக்கும்போது வரலாம். ஆனால் நாளின் பெரும்பகுதியை நாம் செலவிடும் பனியன் கம்பெனிக்குள் அது வரும் என்று எதிர்பார்க்கிறோமா? ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு அந்தப் பதில் அவருடைய பணியிடத்தில்தான் கிடைத்தது. அவரே நம் புனித தேவசகாயம்.

1712 ஏப்ரல் 23 அன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் அவர் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் நாடு. பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். கல்வியிலும் போர்ப் பயிற்சியிலும் தேறிய அவர், மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலர் ஆனார். அங்குள்ள நீலகண்டசுவாமி கோயிலிலும் அவருக்குப் பொறுப்பு இருந்தது. உதயகிரிக் கோட்டைப் பணிகளில் தொழிலாளருக்கு ஊதியம் வழங்கும் வேலையையும் அவர் கவனித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பார்கவி அம்மாளை மணந்து இல்லறம் நடத்தினார். தம் குல வழக்கப்படியான வழிபாட்டில் பற்றுள்ளவராகவும் இருந்தார்.

அந்த வீட்டிற்குள் இழப்பு நுழைந்தது. பயிர்கள் பொய்த்தன. கால்நடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. சேர்த்த செல்வம் கண்முன்னே கரைந்தது. கடமை தவறாத அலுவலர் ஆதலால் அரண்மனை வேலைக்கு அவர் தொடர்ந்து சென்றார். ஆனால் முகத்தில் வாட்டம் இருந்தது. அந்த வாட்டத்தை உடன் பணியாற்றிய ஒருவர் கவனித்தார். அவர் பெயர் டி லனாய்.

இந்த டி லனாய் யார்? டச்சுக் கம்பெனியின் படையில் கடல் கடந்து வந்த ஐரோப்பியர். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படை டச்சுப் படையை வென்றது. அப்போது சிறைபிடிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் கோட்டையைச் சீரமைக்கவும் அவரையே அமர்த்தினார். நாளடைவில் மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைக்கும் அளவுக்கு உயர்ந்தார். அவர் தம் பிறந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. 1777-ல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. நீலகண்டனின் துயரத்தைக் கண்டுகொண்டவர் இத்தகையவர்: தோற்ற படையைச் சேர்ந்தவர், சொந்த ஊரையும் உறவையும் இழந்தவர், மொழியாலும் மதத்தாலும் நிறத்தாலும் அந்நியர்.

டி லனாய் கத்தோலிக்கர். நீலகண்டனிடம் அவர் வாதம் செய்யவில்லை. முதலில் என்ன வருத்தம் என்று கேட்டார். கேட்டதை முழுவதும் செவிமடுத்தார். பிறகு விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார். யோபு நேர்மையாக வாழ்ந்தவர். மந்தைகளையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தவர். பாவம் செய்ததால்தான் இந்தத் துன்பம் என்று நண்பர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கடவுளிடமே நேருக்கு நேர் முறையிட்டார், ஆனால் கடவுளை விட்டு விலகவில்லை. மாடுகளை இழந்து நின்ற மனிதருக்கு, மாடுகளை இழந்தும் நம்பிக்கையை இழக்காத மனிதரின் கதை! அது நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. துன்பம் என்பது கடவுள் தன்னைக் கைவிட்டதற்கு அடையாளம் அன்று என்பதை அவர் உணரத் தொடங்கினார். இயேசுவைப் பற்றி மேலும் அறிய விரும்பினார்.

டி லனாய் கொடுத்த கடிதத்துடன் அவர் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கன்குளம் சென்றார். அங்கிருந்த இயேசு சபைக் குருவான ஜொவான்னி புத்தாரி அவசரப்படவில்லை. காத்திருக்கச் செய்து, கற்பித்து, சோதித்தறிந்த பின்பே 1745 மே 14 அன்று திருமுழுக்கு அளித்தார். லாசர் என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. கடவுளே துணை என்பது அதன் பொருள். அவருடைய துணைவியாரும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார்.

அன்புக்குரியவர்களே, அதன்பின் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். தேவசகாயம் துறவியாகவில்லை. குருவாகவும் இல்லை. அதே அரண்மனை, அதே வேலை, அதே இல்லறம். மாறியது மனிதர்களிடம் அவர் பழகிய முறை. தீண்டாமை சட்டம்போல் நிலவிய காலத்தில், ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களோடு அவர் சமமாக அமர்ந்தார், பழகினார், உண்டார். கடவுள் எல்லாருக்கும் தந்தை என்றால் வேறு எப்படி வாழ முடியும்? இதுவே உயர்நிலையில் இருந்தோர் பலரின் சினத்தைத் தூண்டியது. அரச துரோகம் உள்ளிட்ட பொய்க் குற்றச்சாட்டுகள் அவர்மேல் சுமத்தப்பட்டன. 1749 பிப்ரவரி 23 அன்று அவர் கைது செய்யப்பட்டார்.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் பட்ட பாடுகள் நெஞ்சை உருக்குபவை. எருமைமேல் பின்புறம் திருப்பி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். அடித்த புண்களில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்தனர். பெருவிளையில் ஒரு மரத்தில் கட்டி வைத்தனர். ஆனால் அந்த மரத்தடிக்கு மக்கள் தேடி வரத் தொடங்கினர். தங்கள் நோயையும் கவலையையும் சொல்லி இறைவேண்டல் செய்யக் கேட்டனர். தண்டனையை நிறைவேற்ற வேண்டியவரே தம் வீட்டுக் குறையைச் சொல்லி அவருடைய மன்றாட்டை நாடினார் என்று மரபு கூறுகிறது. ஒருகாலத்தில் அரண்மனையில் தம் துயரத்தைச் சொல்லியவர், இப்போது விலங்கு பூட்டிய கைகளுடன் பிறர் துயரத்தைக் கேட்பவராக இருந்தார். டி லனாய் தமக்குச் செய்ததை அவர் மற்றவர்களுக்குச் செய்தார்.

இறுதியில், 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமுழுக்குப் பெற அவர் கடந்து சென்ற அதே கணவாய்ப் பகுதியிலேயே அவருடைய வாழ்வு நிறைவுற்றது. அப்போது அவருக்கு வயது 39. அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். சாதிப் பெயரை ஒட்டாமல், தேவசகாயம் என்ற திருமுழுக்குப் பெயராலேயே திருஅவை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

இந்தப் புனிதரின் வாழ்வு நமக்கு என்ன சொல்கிறது? இறைவனின் வழிகாட்டல் ஒரு சக ஊழியரின் வாய் வழியாகவும் வரும். அதுவும் நாம் எதிர்பாராத ஆளிடமிருந்து, வெளியூர்க்காரரிடமிருந்து வரும். தேவசகாயம் டி லனாயை அந்நியர் என்று தள்ளியிருந்தால் யோபுவின் கதை அவர் காதில் விழுந்திருக்காது.

நம் கம்பெனிகளை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். ஓவர்லாக் இயந்திரத்தில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். செக்கிங் மேசையில் தென்மாவட்டத்துப் பெண். அயர்ன் செய்யும் இடத்தில் பீகார்க்காரர். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாளில் பன்னிரண்டு மணி நேரம் இவர்கள் நம் அருகில் இருக்கிறார்கள். வீட்டாரோடு இருப்பதைவிட இவர்களோடுதான் அதிக நேரம் விழித்திருக்கிறோம். இவர்களில் ஒருவரின் முகம் இன்று வாடியிருக்கலாம். ஊரில் தாய்க்கு உடல்நலமில்லை என்று அலைபேசியில் செய்தி வந்திருக்கலாம். வட்டிக்கு வாங்கிய கடன் உறக்கத்தைக் கெடுத்திருக்கலாம். டீ இடைவேளையில், என்ன ஆச்சு என்று கேட்க மொழிகூட அதிகம் தேவையில்லை. கேட்ட பிறகு அறிவுரை சொல்ல விரையாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்தாலே போதும்.

நம் துயரத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அரண்மனை அலுவலர் ஒருவர், போரில் பிடிபட்டு வந்தவரிடம் மனம் திறந்தார். அந்தத் தாழ்ச்சியின் வழியாகவே அருள் உள்ளே வந்தது. மேஸ்திரி தம் கீழ் வேலை செய்பவரிடமும், முதலாளி தம் தொழிலாளியிடமும் மனம் திறப்பது மதிப்புக் குறைவு அன்று.

புனித தேவசகாயத்தின் நினைவு நாள் ஜனவரி 14. பொங்கலையொட்டி நம் இயந்திரங்கள் ஓய்ந்து, தொழிலாளர் ஊருக்குப் பேருந்து ஏறும் நாட்கள் அவை. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், பக்கத்து இயந்திரத்தில் அமர்பவரின் முகத்தைப் பார்த்து நலம் கேட்டு வேலையைத் தொடங்குவோம். கேட்கும் செவியையும் திறந்த உள்ளத்தையும் நமக்குத் தர, புனித தேவசகாயத்தின் வழியாக இறைவனை வேண்டுவோம்.