விளையாட்டைக் கல்வியாக்கிய ஹாரி பக்

ஆண்டுதோறும் நம் சங்க மலரில் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். புலவர், நாட்டுத் தொண்டர், இசைவாணர் என்று வந்த வரிசையில் இவ்வாண்டு அமெரிக்கர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தோம். தமிழர் மலரில் அமெரிக்கருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும், ஜீவனஹள்ளியில் மாலை வேளையில் வலை கட்டி வாலிபால் ஆடும் இளைஞர்களையும், பள்ளி மைதானத்தில் எறிபந்து ஆடும் நம் பெண்மக்களையும், கல்லூரி அணிகளைப் பழக்கும் உடற்கல்வி ஆசிரியர்களையும் காணும்போது, 1920-இல் சென்னையில் ஒருவர் ஊன்றிய வித்தே நம் நினைவுக்கு வருகிறது. அவர் பெயர் ஹாரி க்ரோ பக்.

பக் 1884-இல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தார் நடத்திவந்த பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரியின் பெருமையை ஒரு சிறிது சொல்லியே ஆகவேண்டும். பனி கொட்டும் மாதங்களில் வெளியே ஆட முடியாமல் மாணவர்கள் சோர்ந்து கிடந்ததைக் கண்ட ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், 1891-இல் பழக்கூடைகள் இரண்டை உள்ளரங்கின் மாடத்தில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தது அங்கேதான். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து விழுந்தபோதெல்லாம் ஒருவர் ஏறி எடுத்துவர வேண்டியிருந்தது! அக்கல்லூரியில் பயின்ற வில்லியம் மார்கன் என்பவர் 1895-இல் அருகிலிருந்த ஹோலியோக் நகரில் வாலிபாலை வகுத்தார். இரண்டும் வீரர்களுக்கென்று பிறந்த ஆட்டங்கள் அல்ல. உடல் வளம் மிகுந்தவரும் குன்றியவரும் ஒருங்கே ஆடுவதற்கென்று பிறந்தவை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டோ அக்காலத்தில் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. ஹார்வர்டும் யேலும் 1852-இல் நடத்திய படகுப் போட்டியிலிருந்து தொடங்கிய கல்லூரிப் போட்டிகள், நாளடைவில் பணமும் புகழும் ஆரவாரமும் நிறைந்த காட்சிகளாயின. அவர்களுடைய கால்பந்தாட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று; பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஓடும் முரட்டு ஆட்டம். 1905-இல் அவ்வாட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழக்கவே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. மறு ஆண்டில் கல்லூரி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தச் சங்கம் ஒன்று அமைந்தது. சிலர் ஆட, பல்லாயிரவர் அமர்ந்து பார்ப்பது ஒரு வழி. எல்லோரும் இறங்கி ஆடுவது மற்றொரு வழி. பக் கற்று வந்தது இரண்டாவது வழியை.

அவர் வந்திறங்கியபோது சென்னையின் நிலை என்ன? சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-இல் பிறக்கும் வரையில் நம் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் சென்னையோடு இணைந்தே இருந்தது. பட்டங்களுக்குக் குறைவில்லை. கிரிக்கெட்டும் டென்னிஸும் வசதியுள்ள மாணவர்க்கு இருந்தன. சென்னையில் இந்தியர் கிரிக்கெட் ஆட வழிவகுத்த புச்சிபாபு நாயுடு 1908-இலேயே மறைந்துவிட்டார். அவர் ஊக்கிய ஆட்டம் செழித்து வளர்ந்தது. ஆனால் பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது டிரில் ஒன்றே. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்வார், இறக்கச் சொல்வார். அந்த டிரில் மாஸ்டருக்குப் பிற ஆசிரியர்களோடு சமமாக அமரும் மதிப்புக்கூட அரிதாகவே கிடைத்தது.

பக் கைவைத்தது இந்த இடத்தில்தான். வீரர்களைத் தேடிப் போகாமல், முதலில் ஆசிரியர்களை உருவாக்க முனைந்தார். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அவர் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உடற்கல்வி ஆசிரியரைப் பயிற்றுவதற்கென்றே இந்நாட்டில் எழுந்த முதல் நிலையம் அது. உடலின் அமைப்பும் இயக்கமும், காயத்திற்கு முதலுதவி, போட்டிகளை நடத்தும் முறை, குழந்தையின் வயதுக்கேற்ற ஆட்டம் எது என்னும் அறிவு ஆகிய இவையெல்லாம் பாடமாயின. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் பரந்த மைதானத்தோடு அமைந்தது. அங்குப் பயின்றவர்கள் தென்னாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பணி ஏற்றனர். பிசிகல் டைரக்டர் என்னும் பதவி கல்லூரியில் மதிப்புள்ள பதவியாக நிலைபெற்றதில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

பக் செய்த மற்றொரு காரியம் நம்மைப் பெரிதும் கவர்கிறது. ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து அவர் நூலாக வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டது. அதில் மேல்நாட்டு ஆட்டங்களோடு இந்நாட்டு ஆட்டங்களும் இடம்பெற்றன. நம் ஊர்களில் நிலவொளியில் கோடு கிழித்து ஆடிய சடுகுடுவுக்கு ஊருக்கு ஓர் ஒழுங்கு. மூச்சு விட்டதா விடவில்லையா என்று தொடங்கும் வழக்கு அடிதடியில் முடிவதும் உண்டு. இத்தகைய ஆட்டங்களுக்கு எழுதப்பட்ட விதி கிடைத்தால்தான் ஒரு கல்லூரி மற்றொரு கல்லூரியோடு ஆட இயலும். கடல் கடந்து வந்தவர் நம் ஆட்டத்தை இழிவென்று ஒதுக்காமல் விதி நூலில் ஏற்றினார் என்பதை நம்மவரிற் பலர் அறியார்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவுக்கு இந்தியாவிலிருந்து சென்ற சிறு குழுவுக்குப் பக் மேலாளராக இருந்தார். அன்றைய சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் அக்குழுவில் தடை ஓட்டம் ஓடினார். மருத்துவரான அவர் பிற்காலத்தில் இந்திய அரசின் சுகாதாரப் பணித் தலைமை இயக்குநராக உயர்ந்தார். பதக்கம் எதையும் அக்குழு கொணரவில்லை. திரும்பிய பின் பக்கும், அவரைப்போல ஒய்.எம்.சி.ஏ.வில் பணிபுரிந்த நோரன் என்பவரும் மாகாணந்தோறும் ஒலிம்பிக் சங்கங்கள் அமைய உழைத்தனர். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாகி, சர் தோராப்ஜி டாட்டா தலைவரானார், நோரன் செயலாளரானார். நாட்டின் பல்கலைக்கழகங்கள் தமக்குள் கிரிக்கெட் ஆடும் ரோஹின்டன் பாரியா கோப்பை 1935-இல் தொடங்கியதையும் பக் கண்டார்.

எறிபந்து பற்றி ஒரு வார்த்தை. சென்னை ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பெண்களிடையே பரவி, 1950-களில் பெங்களூரை எட்டிய ஆட்டம் இது என்பர். பக் 1955-இல் இதற்கு விதி வகுத்தார் என்று சிலர் எழுதிவருகின்றனர். அது பிழை. பக் 1943-இலேயே மறைந்துவிட்டார். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் பெயரிலேயே விதி வழங்கியது என்றால், அவருடைய கல்லூரிக்கு இருந்த செல்வாக்கை நாம் உணரலாம்.

நாட்டு விடுதலைக்குப் பின் 1957-இல் நடுவணரசு குவாலியரில் உடற்கல்விக் கல்லூரி நிறுவியது. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென்றே தனிப் பல்கலைக்கழகம் 2005-இல் செயற்படத் தொடங்கியது. பக் தொடங்கிய கல்லூரி இன்று அதனோடு இணைந்துள்ளது. சென்னை செல்லும் அன்பர்கள் நந்தனத்தில் அண்ணா சாலையோரம் அதன் மைதானத்தைக் காணலாம்.

இவ்வளவு வளர்ந்தும், பக்கின் எண்ணத்தில் பாதியே நம்மிடம் தங்கியது என்பதே எங்கள் கருத்து. பல்கலைக்கழக அணி, கேடயம், விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் ஆகிய பாதியை இறுகப் பற்றிக்கொண்டோம். ஐந்நூறு பேர் பயிலும் கல்லூரியில் பதினைந்து பேர் அணியில் இருந்தால், எஞ்சியவர் கைதட்டுவோர். நாங்கள் படித்த பள்ளியில் வாரம் இருமுறை விளையாட்டு வேளை உண்டு. தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் அதை எடுத்துக்கொள்வார், நெருங்காவிட்டாலும் எடுத்துக்கொள்வார். அதற்காக எந்தப் பெற்றோரும் பள்ளிக்கு வந்து கேட்டதில்லை. இன்று பெற்றோராய் இருக்கும் நாமும் கேட்பதில்லை. கணக்குப் பாடத்தை நிறுத்தி விளையாட அனுப்பியிருந்தால் மறுநாளே வாசலில் நின்றிருப்போம்.

நம் சங்கத்தின் மேலும் இக்குற்றம் உண்டு. ஆண்டு விழா ஓட்டப்பந்தயங்களில் முதற்சுற்றில் தோற்ற குழந்தைகள் அத்துடன் மர நிழலில் அமர்ந்துவிடுவார்கள். வென்ற மூவருக்கே மாலை வரை ஆட்டம். இதைப் பற்றி நிர்வாகக் குழுவில் நெடுநேரம் விவாதித்தோம். இவ்வாண்டு முதல் மகளிர் எறிபந்து, சிறுவர் சடுகுடு இரண்டிலும் தோற்ற அணியை விலக்காமல், எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் ஆடும்படி அட்டவணை வகுத்துள்ளோம். நேரம் கூடுதலாகும், நடுவர்களும் கூடுதலாக வேண்டும். விசில் ஊத விருப்பமுள்ள பெரியவர்கள் விளையாட்டுச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.