வாயிற்காப்போனாக வாழ்ந்த செயலாளர்

கங்கையில் ஒருநாள் படகு புயலில் சிக்கியது. உடன்வந்த நண்பர் அச்சத்தால் நிலைகுலைந்தார். சுவாமி சாரதானந்தரோ அமைதியாக ஹுக்கா புகைத்துக்கொண்டிருந்தார். அதைக் காணப் பொறுக்காத நண்பர் ஹுக்காவைப் பிடுங்கிக் கங்கையில் எறிந்துவிட்டார். சுவாமிகள் சினம் கொள்ளவில்லை. படகு மூழ்கும் முன்னரே நீரில் குதிப்பது முறையாகுமா என்று சிரித்தபடியே கேட்டார்.

அவரது உடலில் ஓடுவது மீனின் இரத்தம், அது ஒருபோதும் சூடேறாது என்று சுவாமி விவேகானந்தர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. இந்தச் சாந்தம் பிறவியிலேயே வாய்த்தது என்று கருதிவிட்டால், அதன் பின்னிருந்த சாதனையை நாம் காணத் தவறிவிடுவோம்.

சரத் சந்திர சக்கரவர்த்தி என்ற பூர்வாசிரமப் பெயர் கொண்ட அவர் 1865 டிசம்பர் 23-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். குருதேவர் நோயுற்றபோது மருத்துவப் படிப்பைத் துறந்து சேவையில் ஈடுபட்டார். 1896-இல் சுவாமிஜியின் அழைப்பை ஏற்று மேலைநாடு சென்றார். அங்கு பணி நன்கு வேரூன்றிவந்த வேளையில் திரும்பி வருமாறு அழைப்பு வந்தது. 1898-இல் தாயகம் வந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். இறுதிவரை அதிலிருந்து அவர் விலகவில்லை.

அன்னை ஸ்ரீசாரதாதேவி கல்கத்தாவில் தங்கவும், 'உத்போதன்' பத்திரிகை நடைபெறவும் பாக்பஜாரில் ஒரு வீடு எழுந்தது. அதற்கான கடன் 11,000 ரூபாயைச் சாரதானந்தர் தாமே பொறுப்பேற்று வாங்கினார். அதை அடைக்கும் பொருட்டு எழுதத் தொடங்கியதுதான் குருதேவரின் வரலாறான 'லீலாபிரசங்கம்'. தனிமை நாடிச் சென்று எழுதிய நூலன்று அது. பக்தர்களின் வருகை, கணக்கு வழக்கு, கடிதங்கள், அன்னையின் உறவினர்களின் பூசல்கள் ஆகிய அனைத்துக்கும் நடுவே, வாயிலருகே இருந்த சிறிய அறையில் அமர்ந்து எழுதினார். அன்னை 1909 மே மாதம் அவ்வீட்டில் குடியேறிய பின்னர், தம்மை அவரது வாயிற்காப்போன் என்றே சொல்லிக்கொண்டார். செயலாளர் பதவியைவிட அந்தப் பெயரே அவருக்கு உவப்பாக இருந்தது.

அதே 1909-இல் கடினமான சோதனை வந்தது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கிலிருந்து விடுதலையான தேவவிரத பாசுவும் சசீந்திரநாத் சென்னும் துறவை நாடி வந்தனர். சேர்த்துக்கொண்டால் ஆங்கில அரசின் சந்தேகம் சங்கத்தின் மீது விழும். இளம் சங்கம் அதைத் தாங்குமா என்ற கவலை இருந்தது. அரசியல் தொடர்பை அறவே விட்டு வந்தவர்களைத் திருப்பியனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. விளைவுகளைத் தாமே ஏற்று அவர்களைச் சேர்த்துக்கொண்டார். காவல்துறையின் கண்காணிப்பு நீடித்தது. 1916-இல் வங்க ஆளுநர் கார்மைக்கேல் பிரபு தமது உரையில் சங்கத்தைப் பற்றி ஐயம் எழுமாறு பேசினார். சாரதானந்தர் பதற்றமின்றி அரசிடம் முறையாக விளக்கம் அளித்தார். மறு ஆண்டே ஆளுநரின் கடிதம் அந்த ஐயத்தை நீக்கியது. சங்கத்துக்கு இத்தனை நெருக்கடி நேர்ந்தும், அந்த இருவரையும் அவர் கைவிடவில்லை. உடன் உழைப்பவர் மீது பழி விழும்போது சற்றே விலகி நின்றுகொள்ளும் வழக்கம் நம் அலுவலகங்களிலும் உண்டல்லவா!

1926-இல் பேலூர் மடத்தில் நடைபெற்ற மாநாட்டுக்குப் பின், அன்றாட நிர்வாகத்தை இளைய துறவியரைக் கொண்ட செயற்குழுவிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாம் சுமந்ததைப் பிறர் கையில் தந்தபின், பெரும்பொழுதைத் தியானத்தில் கழித்தார். 1927 ஆகஸ்ட் 19-ஆம் நாள், தாம் காவல் இருந்த அதே பாக்பஜார் இல்லத்தில் மகாசமாதி அடைந்தார்.