பேர்ல் தெருவில் எடிசன்

தாமஸ் ஆல்வா எடிசன் (1847–1931) என்றதும் பலருக்கும் மின்விளக்குதான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த விளக்குகள் சீராக எரிய மின்சாரம் தருவதும் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

1882ஆம் ஆண்டில் அவர் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் மின் நிலையம் ஒன்றை அமைத்தார். அங்கே ஒவ்வொன்றும் சுமார் 27 டன் எடையுள்ள மின்னாக்கிகளை நீராவி எந்திரங்கள் சுழற்றின. எந்திரத்தின் வேகம் குறைந்தால் நீராவியைக் கூட்டவும் மிகுந்தால் குறைக்கவும் ஒவ்வொன்றிலும் ஒரு வேகச்சீராக்கி இருந்தது.

எந்திரம் தனித்து ஓடியபோது தொல்லையில்லை. சோதனையாக இரண்டை இணைத்தபோதுதான் சிக்கல் எழுந்தது. ஒன்று தறிகெட்டு ஓட, மற்றது வேகமிழந்தது; மறுகணமே நிலைமை தலைகீழானது. கட்டடம் அதிர்ந்தது. அங்கிருந்தோர் அலறியடித்து ஓடினர். எடிசன் ஓர் எந்திரத்தின் நீராவி வால்வைப் பிடித்தார்; அவருடைய கூட்டாளி ஜான்சன் மற்றதைப் பிடித்தார். இருவரும் எந்திரங்களை நிறுத்தினர்.

ஒரு மின்னாக்கி உண்டாக்கிய மின்சாரம் மற்றதை மோட்டாரைப்போல் ஓட்டியிருந்தது! சீராக்கிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை எடிசன் புரிந்துகொண்டார். நீண்ட தண்டு ஒன்றால் அவற்றைப் பிணைத்தார். தண்டு முறுக்கிக்கொண்டதால் சிக்கல் தீரவில்லை. அவர் விடவில்லை. தண்டை ஒரு பக்கமும் அதன்மேல் பொருந்தும் குழாயை எதிர்ப்பக்கமும் இயன்றவரை முறுக்கி, இரண்டையும் முளையடித்து இணைத்தார். சீராக்கிகள் ஒத்து இயங்கின.

1882 செப்டம்பர் 4ஆம் நாள் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியபோது ஒரே ஒரு மின்னாக்கிதான் ஓடியது. சுமார் 400 விளக்குகள் ஒளிர்ந்தன. பின்னர், நன்கு கட்டுப்படும் வேறு எந்திரங்களைப் பொருத்தி, எடிசன் பல மின்னாக்கிகளை ஒன்றாக இயக்கினார்.